மேனேஜரின் தண்ணீர்

முதலில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், வெயிலில் வந்திருக்கிறீர்கள். குழாய்த் தண்ணீர்தான், பயப்பட வேண்டாம். ஊருக்கு வரும் தண்ணீரைப் பரிசோதிக்கிற ஆபீசில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எந்தத் தெருவில் எந்த மாதம் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எங்கள் தெருத் தண்ணீர் நல்ல தண்ணீர், உப்பே கிடையாது.

கையில் இருக்கும் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிடுங்கள். அது என்னவென்று எனக்குத் தெரியும். பதினாறு நாளைக்கு முன்னால் என் தம்பி செத்த மீனைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு பையில் கட்டிக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தான். "எங்க தப்புன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் திரும்பிவிட்டான். நீங்கள் அந்தத் தண்ணீரை எடுத்து வைத்து உப்பு பார்த்திருக்கிறீர்கள். ஆயிரம் பங்குக்குப் பதினைந்து இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்திருக்கும். உங்கள் கருவியில் பழுதில்லை, கடைக்காரம்மா. நீங்கள் துருவித் துருவிக் கேட்க வேண்டியதும் இல்லை, நானே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் மெதுவாகப் பேசிக்கொள்வோம், அவ்வளவுதான்.

தம்பியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது பாதிதான். கூச்சத்தோடு கடைக்குள் நுழைந்து, தொட்டிகளுக்கு முன்னால் மணிக்கணக்காக நிற்கிற ஆளைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். அதற்கு முன்பு இரண்டு வருடம் அவன் உள் அறையை விட்டு வெளியே வரவில்லை. வேலை பார்த்த இடத்தில் ஒரு மேனேஜர் தினமும் அவனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துப் பேசினார். ஒரு வருடம் பொறுத்துக்கொண்டான். ஒருநாள் காலையில் சட்டையை மாட்டினான், பட்டன் போட வரவில்லை, கை அப்படி நடுங்கியது. கட்டிலில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். டாக்டர் மாத்திரை கொடுத்தார், மாத்திரையில் நடுக்கம் இன்னும் கூடியது. அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது, எனக்கு நாற்பத்து மூன்று. அப்பா அம்மா இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது தனிக் கதை, அதில் யார்மேலும் குற்றமில்லை.

காலையில் அவனுக்கு முகம் துடைத்து, சாப்பாடு ஊட்டி, மதியத்துக்கு எடுத்து மூடி வைத்துவிட்டு ஆபீஸ் போவேன். ஐந்தரைக்குத் திரும்பிப் பூட்டைத் திறக்கும்போது உள்ளேயிருந்து "அக்கா, வந்துட்டியா?" என்று கேட்பான். ஒரு நாளைக்கு அவன் பேசுவது அது ஒன்றுதான். "இந்தக் காலத்துல யாரு இப்படிப் பாத்துப்பா" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். ஆபீசில் உச்சுக் கொட்டுவார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து பெருமூச்சு விடுவேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த இரண்டு வருடத்தில் நான் ஒரு நாள்கூடத் துக்கப்பட்டதில்லை. ஐந்தரை எப்போது ஆகும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மீனை வாங்கியதும் நான்தான். பஸ்ஸுக்கு நின்றபோது மழை பிடித்துக்கொண்டது, உங்கள் கடைக்குள் ஒதுங்கினேன். ஒரு சின்னத் தொட்டியில் அது தனியாக இருந்தது. மஞ்சளும் பச்சையுமாக முதுகு, அதில் கறுப்புப் புள்ளிகள், வெள்ளை வயிறு. நான் இந்தப் பக்கம் நகர்ந்தால் அதன் கண்ணும் இந்தப் பக்கம் வந்தது. பேத்தை மீன் என்றீர்கள். சீண்டினால் பந்து மாதிரி உப்பிக்கொள்ளும் என்றீர்கள். பிறகு படித்துப் படித்துச் சொன்னீர்கள்: "இது நல்ல தண்ணி மீனும் இல்லம்மா, கடல் மீனும் இல்ல. ஆறு கடல்ல கலக்குற எடத்துல இருக்குறது. உப்பு இல்லாம வெச்சா ஒடனே சாகாது. மாசக்கணக்குல, கொஞ்சம் கொஞ்சமா, நமக்கே தெரியாம போயிடும்." நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். எதையும் அரைகுறையாகக் கேட்டுக்கொள்கிற பழக்கம் எனக்கில்லை.

தொட்டியை அவன் கட்டிலுக்கு எதிரே வைத்தேன். மூன்றாம் நாள் நான் அடுப்படியில் இருந்தபோது குரல் வந்தது. "அக்கா, இது ஏன் இப்டி மொறைக்குது? எங்க மேனேஜர் மாதிரியே இருக்கு."

இரண்டு வருடத்தில் அவன் அடித்த முதல் கிண்டல் அது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். அன்றைக்கு மீனுக்கு மேனேஜர் என்று பெயர் வந்தது. "மேனேஜர் இன்னிக்கு மூட் அவுட்", "மேனேஜருக்கு இன்னும் டிபன் போகல, மெமோ குடுத்துருவாரு" என்று அவன் பேசிக்கொண்டே இருப்பான். யாரை நினைத்தால் அவனுக்கு உடம்பெல்லாம் வியர்க்குமோ, அந்த ஆளின் பெயரைச் சொல்லிக் கண்ணாடியில் விரலைத் தட்டிச் சிரித்தான்.

பிறகு நத்தை. பேத்தை மீனின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கெட்டியான ஓட்டைக் கடித்தால்தான் தேயும் என்று நீங்கள் சொன்னதை அவனிடம் சொன்னேன். மறுநாள் செருப்பைத் தேடினான். இரண்டு வருடம் போடாத செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பூங்காவில் இருக்கும் குளத்துக்குப் போய் ஒரு டப்பா நிறைய நத்தை பிடித்து வந்தான். வாளியில் நத்தை வளர்த்தான். உங்கள் கடைக்கு வர ஆரம்பித்தான். ஒரு வருடத்தில் டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். ஐந்தரைக்கு நான் வரும்போது சில நாள் வீடு பூட்டியிருக்கும், அவன் உங்கள் கடையில் இருப்பான். நானே கதவைத் திறந்து, நானே விளக்கைப் போட்டுக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜருக்குப் பல் வெட்ட வேண்டியிருந்தது. நத்தை போட்டும் போதவில்லை, மேல் பல் வளர்ந்து வாயை மூடிவிட்டது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி கிராம்பு எண்ணெயை அளந்து தண்ணீரில் கலந்து அதை மயங்க வைத்தான். ஈரத் துணியில் நான் மீனைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் குனிந்து, சின்னக் கத்தரியால், நகம் வெட்டுவதுபோல ஒரே வெட்டு. "முடிஞ்சுதுக்கா. விடு, விடு, மெதுவா" என்றான். மீன் தண்ணீரில் சாய்ந்து கிடந்து, பிறகு நிமிர்ந்து நீந்தியது. நான் மீனைப் பார்க்கவில்லை, அவன் கையைத்தான் பார்த்தேன். கை நடுங்கவே இல்லை. அன்றைக்கு ராத்திரி என் தட்டைத் தொடாமலே கழுவி வைத்தேன். எதனால் என்று அப்போது புரியவில்லை, பசியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் நீங்கள் அவனைக் கூப்பிட்டுப் பேசினீர்கள். கடற்கரை ஊரில் பெரிய கடை கட்டுகிறீர்கள், எட்டு மாதத்தில் திறந்துவிடும், உப்புத் தண்ணீர்த் தொட்டிகள் மொத்தமும் அவன் பொறுப்பு, தங்க மாடியில் அறை. வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். "போலாம்னு இருக்கேன்கா. மேனேஜரையும் கூட்டிட்டுப் போயிடுவேன். மாசத்துக்கு ஒரு தடவ வந்துருவேன். நீயும் எத்தன நாளைக்குத்தான் எனக்கே ஆக்கிப் போட்டுட்டு இருப்ப?"

"தாராளமா போடா" என்றேன். அவன் முகத்தை வழித்து, என் நெற்றியில் நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தேன். வேண்டா வெறுப்பாகச் சொன்னதாக நினைக்காதீர்கள், மனதாரத்தான் சொன்னேன். ஆனால் யோசித்துப் பார்க்க வேண்டாமா? புது ஊர், புது மனிதர்கள். யாராவது ஒரு வார்த்தை உரத்துப் பேசினால் தாங்குவானா? சட்டை பட்டனைப் போட முடியாமல் மறுபடி உட்கார்ந்தால் யார் பார்ப்பார்கள்? உங்களுக்கு அவன் வேலைக்கு ஆள். எனக்கு அப்படியில்லை. கொஞ்ச நாள் தள்ளிப்போனால் நல்லது என்று பட்டது. மீனுக்கு லேசாக உடம்பு சரியில்லை என்றால், இந்த நிலையில் எப்படிக் கொண்டுபோவது என்று அவனே சொல்லிவிடுவான். அவ்வளவுதான் என் கணக்கு. கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை.

தண்ணீரில் உப்பு பார்க்க அவனிடம் ஒரு குழல் இருந்தது, உங்கள் கடையில் வாங்கியதுதான். ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே கோடு தெரியும். அதன் தலையில் ஒரு சின்னத் திருகு. மாதம் ஒருமுறை சுத்தத் தண்ணீர் விட்டு, கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துத் திருகைச் சரிசெய்ய வேண்டும். ஆரம்பத்திலிருந்தே அது என் வேலை. ஆபீசிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் கொண்டு வருவேன். "நீ தொடாத, இது நுணுக்கமான வேல" என்று சொல்லியிருந்தேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பான். "ஆபீசர் கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேலி செய்வான். நான் துடைத்து அவன் கையில் கொடுப்பேன்.

அந்த மாதம் கோட்டைப் பூஜ்யத்தில் நிறுத்தாமல் இரண்டில் நிறுத்தினேன். கால் திருகுகூட இருக்காது. அடுத்த மாதம் இன்னும் இரண்டு, பிறகு மாதாமாதம் ஒன்றோ இரண்டோ.

நான் தொட்டியில் கை வைக்கவே இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவன் குழலில் பார்த்தான், பதினேழு காட்டியது. தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறிவிட்டது என்று நல்ல தண்ணீர் ஊற்றிப் பதினைந்துக்குக் கொண்டு வந்தான். வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது, கோடு பதினைந்தைத் தொடும்வரைதான் உப்பு போட்டான். மாதாமாதம் குறைவாகவே போட வேண்டியிருந்தது. "அக்கா, இந்த உப்பு நல்லா ஒழைக்குது, பாதி மூட்டைகூடக் காலியாகல" என்றான் ஒருநாள். புது மூட்டையில் வீரியம் அதிகமாக இருக்கும் என்றேன். அவன் நோட்டில் தினமும் எழுதுவான். ஏழு மாதமும் பதினைந்து, பதினைந்து என்றுதான் எழுதியிருக்கிறது. ஒரு நாள் விடுபடவில்லை. என்னைவிடச் சுத்தமாக வேலை செய்கிறவன்.

நான்காம் மாதம் மேனேஜரின் வெள்ளை வயிறு சாம்பல் நிறமானது. துடுப்பில் பஞ்சு மாதிரி ஏதோ படர்ந்தது. நத்தையைப் போட்டால் கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அவன் சாப்பாட்டை மறந்தான். நீங்கள் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னீர்கள், சரியான யோசனை. மறுநாளே பாட்டிலோடு வந்தது நான், நினைவிருக்கிறதா? போகிற வழிதானே, நானே கொடுத்துவிடுகிறேன் என்று அவனிடம் வாங்கிக்கொண்டேன். உங்களிடம் கொடுத்தது அந்தத் தண்ணீர் இல்லை. ஆபீசில் மதியம் சாப்பாட்டு நேரத்தில், தராசில் உப்பை நிறுத்து, பதினைந்துக்குச் சரியாகக் கலந்து கொண்டுவந்தேன். நீங்கள் பார்த்துவிட்டு, "அளவு அச்சு அசலா இருக்கும்மா, இவ்ளோ சரியா யாரும் வெக்க மாட்டாங்க" என்றீர்கள். அதை அப்படியே அவனிடம் சொன்னேன். அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவன் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தான். பிறகு, "அப்ப தண்ணில தப்பில்ல" என்றான். "உப்புல தப்பில்ல. சாப்பாட்டுல தப்பில்ல. அப்ப நான்தான்."

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. கொஞ்சம் இருங்கள்.

இரண்டு கையையும் விரித்து என்னிடம் காட்டினான். "என் கைல ஏதோ இருக்குக்கா. மாத்திர சாப்புடுறேன்ல, அது வேர்வைல வருது போல. நான் தொட்டாத்தான் அதுக்கு ஆகல." குழந்தை காட்டுகிற மாதிரி காட்டினான். ஒரு வார்த்தை போதும். "பைத்தியமாடா உனக்கு, உன் கையில என்னடா இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை என் வாய்வரை வந்தது, சத்தியமாக வந்தது. உங்கள் கடை திறக்க இன்னும் நான்கு மாதம் இருந்தது.

"இருந்தாலும் இருக்கும்டா" என்றேன். "எதுக்கும் கையக் கழுவிக்கோ."

கழுவினான். தொட்டிக்குப் போகுமுன் கழுவினான், வந்த பின் கழுவினான். சோப்பு போதாதென்று தரை துடைக்கிற மருந்தை ஊற்றிக் கழுவினான். விரலிடுக்கில் தோல் உரிந்தது, நான் களிம்பு தடவினேன். மாத்திரையை நிறுத்திவிட்டான், குப்பைத் தொட்டியில் கிடந்ததை நான் பார்த்தேன். மீனுக்கு நல்லதென்று நிறுத்தியிருக்கிறான். இதைக் கேட்டு உங்கள் முகம் மாறுகிறது. எனக்கும் பொறுக்கவில்லை. அந்த வாரம் இரண்டு முறை திருகைப் பழையபடி திருப்பிவிட எடுத்தேன். திருப்பினால் ஒரே நாளில் அளவு பதினைந்திலிருந்து தலைகீழாக விழும், அவன் கண்டுபிடித்துவிடுவான். என்னைப் பற்றி என்ன நினைப்பான்? திரும்ப வைத்துவிட்டேன்.

ஏழாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மேனேஜர் செத்துப்போனது. நான் ஆபீசில் இருந்தேன், அதனால்தான் பை உங்கள் கைக்கு வந்தது. நான் வீட்டில் இருந்திருந்தால் வந்திருக்காது. ஐந்தரைக்குக் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து "அக்கா, வந்துட்டியா?" என்று குரல் கேட்டது. ஒன்றரை வருடம் கழித்துக் கேட்டது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவன் எதையும் தொடுவதில்லை. கதவுப் பிடியைத் தொடமாட்டான், தட்டைத் தொடமாட்டான், தம்ளரைத் தொடமாட்டான். இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். நத்தை வாளியை வெளியே வைக்கச் சொன்னான், தான் கிட்டே இருந்தால் அவையும் செத்துவிடும் என்றான். வேலைக்கு வரவில்லை என்று உங்களுக்குச் சொல்லச் சொன்னதும் அவன்தான், அதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்காதீர்கள். போன வாரம் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொன்னது போலவே, ஒன்று விடாமல். குழலை எடுத்துப் போய், சுத்தத் தண்ணீர் விட்டு, "பாருடா, பூஜ்யம் காட்டணும், பதிமூணு காட்டுது, நான்தான் திருகினேன், உன் கையில ஒண்ணுமே இல்லடா" என்று அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். குழலை நீட்டினேன். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "என்கிட்டக் குடுக்காதக்கா, அதுவும் கெட்டுப்போயிடும்" என்றான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். எத்தனை நாளைக்குப் பிறகு சிரித்தான் தெரியுமா? "எனக்காக நீ என்ன வேணா சொல்லுவக்கா. பழியக்கூட ஏத்துப்ப. எனக்குத் தெரியாதா ஒன்ன?"

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பாடு பிசைந்தேன். வாயைத் திறந்தான், ஊட்டினேன். அவன் நம்பவில்லையே என்று துக்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

நீங்கள் சொன்னால் நம்புவான். நீங்கள் வேற்று மனுஷி, கையில் தண்ணீர் இருக்கிறது, உங்கள் கருவி இருக்கிறது. ஒரு சொட்டு விட்டுக் காட்டினால் போதும், எழுந்து நின்றுவிடுவான். செருப்பைத் தேடுவான். உங்களோடு வந்தாலும் வந்துவிடுவான், திரும்பிப் பார்க்கமாட்டான். அது நியாயம்தான். அந்த அறைதான், தாழ்ப்பாள் போடவில்லை, போய்ச் சொல்லுங்கள். நான் தடுக்கவில்லை.

எழுந்திருக்காதீர்கள், ஒரு பத்து நிமிடம் பொறுங்கள். இது அவன் சாப்பிடுகிற நேரம். நீங்கள் போய்ச் சொல்லிவிட்டால் அப்புறம் என் கையால் ஒரு வாய்கூட வாங்கமாட்டான், பாவம், பட்டினி கிடப்பான். சோறு பிசைந்து தயாராக இருக்கிறது. இந்த ஒரு வேளை மட்டும் நான் ஊட்டிவிட்டு வந்துவிடுகிறேன். எனக்காக இல்லை, அவனுக்காகத்தான் கேட்கிறேன்.